கப்பலேற முப்பத்தைந்து மார்க்

வானமாமலையின் குடும்ப வாழ்க்கையில் கொழும்பு நகரம் இருபத்திரண்டு வருஷமாகக் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அவர் அந்த ஊரைப் பார்த்தவரில்லை. அவர் மனைவி சொர்ணம்மாளும் பார்த்தவளில்லை. ஆனால் சொர்ணம்மாளை முதலில் கொழும்பில் சாக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். தூத்துக்குடியில் கப்பலேற வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில் ஜப்பான்காரன் போய்க் கொழும்பில் குண்டு போட்டான். பயந்துபோன சொர்ணம்மாளின் அப்பா, குண்டு விழாத ஊர் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று தேடிப்பிடித்து, தாராவியில் டிரங்குப் பெட்டிப் பட்டறையில் தகரம் வெட்டிக்கொண்டிருந்த வானமாமலைக்குக் கட்டிக்கொடுத்து ரயிலேற்றி விட்டார். சரியாக இரண்டு வருஷம் கழித்து பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பலே வெடித்து ஊரெல்லாம் நடுங்கியது. மாமனாருக்கு அந்தச் செய்தியை யாரும் எழுதவில்லை.

மாட்டுங்கா லேபர் கேம்பில் அவர்களுக்கு ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, இருந்தது. ஒன்பதுக்குப் பத்து அடி. அதில் அரிசி குழைந்தாலும் கொழும்பு வரும், அடுப்பு புகைந்தாலும் கொழும்பு வரும்.

"நான் கப்பல்ல போயிருக்க வேண்டியவ. இங்க வந்து பாயிகானாவுக்கு டப்பாவோட வரிசையில நிக்கேன்" என்பாள் சொர்ணம்மாள். கேம்பின் பொதுக் கழிப்பறைக்கு அங்கே அதுதான் பெயர்.

ஒரே ஒரு தடவை இவளைக் கப்பலில் ஏற்றி, அந்தக் கப்பல் கரையை விட்டு நகர்வதை இவள் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட வேண்டும் என்பது வானமாமலையின் ஆசை. மிச்ச ஆயுளை நிம்மதியாகக் கழிக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

கோவா நம் கைக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிற சமயத்தில் கிங் சர்க்கிள் ஸ்டேஷன் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். மேற்குக்கரை உல்லாசக் கப்பல் கம்பெனியின் 'ஜலசுந்தரி' என்ற நீராவிக் கப்பல் கோவாவுக்குப் போய்த் திரும்புகிறதாம். மூன்று நாள் உல்லாசம். மாட்டுங்காவில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேண்டும்; தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். வானமாமலை பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஃபோர்ட்டில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனார். டிக்கெட்டை உடனே கொடுத்துவிட்டார்கள். பணத்தை அதைவிட வேகமாக வாங்கிக்கொண்டார்கள். அவர் திரும்பும்போதுதான் கவுண்டர் குமாஸ்தா, "மாடிக்குப் போங்க. எதிர்பார்ப்புப் பிரிவு. அங்கே சர்ட்டிபிகேட் வாங்காம கப்பல் ஏற முடியாது" என்றார்.

ஆபீசிலேயே பெரிய இடம் அந்த மாடிதான். கப்பலைக் கவனிக்கும் பிரிவு மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையில் இருந்தது; அந்த மேஜையிலும் ஆள் இல்லை. எதிர்பார்ப்புப் பிரிவிலோ முப்பது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் தலைமை அதிகாரி வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காக்காரர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் பிறர் நலத்துக்காகவே உறங்காமலிருப்பவரின் களைப்பு.

"உக்காருங்கோ" என்றார். "கப்பலைப் பத்தி நீங்க என்னென்ன எதிர்பார்க்கறேள்னு நான் தெரிஞ்சுக்கணும். அதிகமா இருந்தா குறைக்கணும். அதுக்குத்தான் இந்த டிபார்ட்மென்ட்."

"எதுக்கய்யா குறைக்கணும்?"

"கப்பல் பழசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதுல கட்டினது. ஜனங்க ஏறிட்டு அது ஒழுகறது, இது ஆடறதுன்னு கம்ப்ளெயின்ட் எழுதினா. கம்பெனி ஆலோசிச்சுது. கப்பலை ரிப்பேர் பண்றதா, பாசஞ்சரை ரிப்பேர் பண்றதா? மூணு கமிட்டி போட்டுப் பார்த்தோம். மூணு கமிட்டியும் ஒரே முடிவுதான் சொல்லித்து. பாசஞ்சர்தான் சீப்."

வானமாமலை மரியாதையாகத் தலையாட்டினார். படித்தவர்கள் மூன்று தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா இருக்கும்?

வேங்கடசுப்ரமணியன் ஒரு நீளமான படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "படுக்கை பலகைதான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மெத்தை எதிர்பார்க்கப்படாது."

"ஆளுக்கு ஒரு பலகையாய்யா?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். "கேபின்ல குழாய் இருக்கு. ஆனா தினம் ரெண்டு மணி நேரந்தான் தண்ணி வரும். மனசைத் தேத்திக்கணும்."

"ரெண்டு மணி நேரமா! எங்க நல்லுல, அதான் குழாய்ல, காலைல நாலு மணிக்கு முக்கா மணி நேரம் வரும். அதுவும் லைன் பூராவுக்கும் ஒரு நல்லு. இது எங்க ரெண்டு பேருக்கு மட்டுமாய்யா?"

"கழிப்பறை இருபது பேருக்கு ஒண்ணு. ஏமாற்றமா இருக்கும்."

"கதவு உண்டுமா?"

"கதவு இல்லாம எப்படி?"

வானமாமலைக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பைக் கண்டதும் வேங்கடசுப்ரமணியனுக்கு லேசாக வேர்த்தது. "கரப்பான் பூச்சி உண்டு" என்றார் கொஞ்சம் கண்டிப்பாக.

"எலி?"

"எலியும் உண்டு."

"பெருச்சாளி?"

"அது கிடையாது."

"அடடா!" என்றார் வானமாமலை.

பேனா கீழே வைக்கப்பட்டது. அதிகாரி கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார், பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்தார். "ஆறு மார்க்" என்றார். "ஓய், உம்மகிட்ட எதிர்பார்ப்பே இல்லையே. இல்லாததை நான் எங்கேர்ந்து குறைப்பேன்?"

"அப்படின்னா நான் பாசாய்யா?"

"ஃபெயில்! கப்பலுக்கு நாங்க போட்டிருக்கற மார்க் முப்பத்தஞ்சு. பாசஞ்சரும் கரெக்டா முப்பத்தஞ்சுல நிக்கணும். மேல போனா ஏமாற்றம். கீழ போனா சந்தோஷம்."

"சந்தோஷம் நல்லதுதானய்யா?"

வேங்கடசுப்ரமணியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அதைவிட அபாயம் எதுவுமே கிடையாது. நீங்க சந்தோஷமா இறங்கிப் போய் நாலு பேர்கிட்ட 'ஆகா'ன்னு சொல்வேள். அந்த நாலு பேரும் 'ஆகா'வை எதிர்பார்த்துண்டு வருவா. அவாளுக்குக் கம்பெனி எங்கே போகும்? சந்தோஷப்பட்ட ஒரு பாசஞ்சர் நூறு கம்ப்ளெயின்ட்டுக்குச் சமம். இது சர்க்குலர்லயே இருக்கு."

ஆறு மார்க் என்பதை ஆபீசில் யாரும் நம்பவில்லை. இலவசமாக எதையோ பெறுவதற்காகக் இந்தப் பயணி பொய் சொல்கிறார் என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. ஆகவே அடுத்த வாரம் வேங்கடசுப்ரமணியனே நேரில் விசாரிக்க லேபர் கேம்புக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டை, கையில் அளவு நாடா. அவர் கோலியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். கூரைத் தகரத்தில் ஓட்டைகளை எண்ணினார். பாயிகானா வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சீக்கிரமே திரும்பினார். சொர்ணம்மாள் அவருக்குக் கலர் சோடா வாங்கிவரச் செய்து, உட்கார டிரங்குப் பெட்டியைத் துடைத்துப் போட்டாள்.

"அம்மா, கப்பல் பிரயாணத்துல நீங்க என்ன எதிர்பார்க்கறேள்?"

"கப்பலைத்தான்" என்றாள் சொர்ணம்மாள்.

"வேற?"

"வேற என்னத்த? அது போவணும். நான் அதுல இருக்கணும்."

அவளுக்கு நாலு மார்க் விழுந்தது. வேங்கடசுப்ரமணியன் சோடாவைக் குடிக்காமலே எழுந்தார். வாசலில் வானமாமலையைத் தனியாக அழைத்து, இருவரும் எதிர்பார்ப்பு உயர்த்தும் வகுப்புக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தாக வேண்டும் என்றும், இல்லாவிட்டால் டிக்கெட் செல்லாது என்றும் சொன்னார். கப்பல் ஆசை காட்டிவிட்டு ஏற்றாமல் விட்டால், இனிமேல் கொழும்போடு கோவாவும் சேர்ந்துகொள்ளுமே என்று வானமாமலை பயந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை விளக்கை அணைத்துவிட்டு வெள்ளைத் துணியில் படம் காட்டினார்கள். யாரோ வெள்ளைக்காரர்களின் கப்பல். அதில் நீச்சல் குளம் இருந்தது, பாண்டு வாத்தியம் இருந்தது, தொப்பி போட்ட ஒருவன் ஒரு பெண்ணுக்குத் தட்டில் திராட்சை நீட்டிக்கொண்டிருந்தான். "இதைப் பார்க்கறச்சே உங்களுக்கு ஆசை வரணும்" என்று வேங்கடசுப்ரமணியன் குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னார். "கப்பலைச் சுத்தித்தான் தண்ணி கெடக்கே, உள்ளயும் என்னத்துக்குக் குளம்?" என்று சொர்ணம்மாள் கேட்டாள். அவளுக்கு அரை மார்க் குறைத்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு ஸ்பிரிங் மெத்தை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் படுக்க வேண்டும். வானமாமலை இரண்டாவது நிமிஷத்திலேயே குறட்டை விட்டார். அதற்கு எட்டு மார்க் கிடைத்தது. சொர்ணம்மாளோ மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு மாசம் படுத்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அதிகாரியிடமே விசாரித்தாள். மூன்றாவது ஞாயிறு ஐஸ்கிரீம். ஆளுக்கு ஒரே ஒரு கரண்டி. ஆசை உண்டாக வேண்டும், தீரக்கூடாது என்பது பாடத்திட்டம்.

வானமாமலை வீட்டுக்கு வந்து மனப்பாடம் செய்தார். "மெத்தை வேணும்னு சொல்லு. திராட்சை வேணும்னு சொல்லு" என்று மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏட்டி, உனக்காகத்தானட்டி இந்தப் பாடுபடுதேன். கொஞ்சம் ஆசப்படேன்!" மறுநாள் பரீட்சையில் சொர்ணம்மாள் மெத்தை, திராட்சை, பாண்டு வாத்தியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு முப்பத்தொன்பது மார்க் வாங்கினாள். வானமாமலைக்கு முப்பத்தெட்டு.

இரண்டும் முப்பத்தைந்துக்கு மேல். ஆகவே இருவரையும் குறைக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

குறைக்கும் வகுப்பைக் கம்பெனி சேர்மனே நேரில் வந்து தொடங்கி வைத்தார். ரோஜா மாலை போட்டார்கள். அவர் இங்கிலீஷில் பேசப் பேச வேங்கடசுப்ரமணியன் வரிக்கு வரி தமிழாக்கினார்.

"சகோதர சகோதரிகளே! சில நாடுகள் புதிய கப்பல்களைக் கட்டுகின்றன. அது சுலபம். இரும்பு இருந்தால் போதும். நாம் புதிய மனிதனைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மழை பெய்தால் கேபினில் ஒழுகும் என்று தெரிந்தவன் மேல் மழை பெய்தால் அவன் நனைவதில்லை. தெரியாதவன்தான் நனைகிறான். இந்தப் பிரிவு தொடங்கி மூன்று வருஷத்தில் நமக்கு ஒரு புகார்கூட வரவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நேற்றுகூட டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து, இந்த முறையை ரயிலுக்கும் ரேஷனுக்கும் கொண்டுவர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் வீட்டில் இதைத்தான் கடைப்பிடிக்கிறேன். என் மனைவி என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மாள் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் தட்டவில்லை.

வகுப்பு முடிவில் இருவருக்கும் கணக்காக முப்பத்தைந்து வந்தது. "கடைசியா ஒரே ஒரு கேள்வி இருக்கு. அதைத் துறைமுகத்துல வச்சுக் கேட்போம்" என்று சொல்லி, கை குலுக்கி அனுப்பினார் வேங்கடசுப்ரமணியன்.

புறப்படும் நாளன்று லேபர் கேம்பில் அவர்கள் லைன் முழுக்கக் கிளம்பிவிட்டது. கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி யார் போனாலும் லைனே திரண்டு போய் வழியனுப்பி வைப்பது அங்கே வழக்கம். போரிபந்தர் ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக்காரர்கள் வழியனுப்புகிற அழகே தனி. போகிறவர் இரண்டு பேர் என்றால் வந்தவர் நாற்பது பேரும் பெட்டிக்குள் ஏறி, மூட்டையை அடுக்கி, சீட்டில் உட்கார்ந்து, போகிறவர்களை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். இஞ்சின் ஊதினால்தான் இறங்குவார்கள். அப்படியே நாற்பத்து மூன்று பேர், மாலையும் புளியோதரைத் தூக்குமாக, பக்கத்துக் கோலி பூமாரி தலைமையில் பாவ்சா தக்கா படகுத்துறையில் போய் இறங்கினார்கள்.

ஜலசுந்தரி அங்கே சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கரையிலிருந்து தெரிகிற பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் வேங்கடசுப்ரமணியன், மேஜைக்கு முன்னால் பயணிகளின் வரிசை. அவர் ஒவ்வொருவரிடமும் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கப்பல் கிளம்பும்னு எதிர்பார்க்கறேளா?"

"ஆமாம்" என்றார் தொப்பையும் பைனாகுலருமாக வந்திருந்த ஒரு செம்பூர்க்காரர். "ஃபெயில். மறுபடியும் வகுப்புக்கு வாங்கோ" என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அடுத்தவர் உஷாராகி, "இல்லை" என்றார். "பாஸ்!" அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து, ரோஜாப்பூ குத்தி, கப்பல் பின்னால் தெரியும்படி போட்டோ பிடித்து, 'பயணி எதிர்பார்க்காதது நடக்கவில்லை, ஆகவே ஏமாற்றம் இல்லை' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு வழி காட்டினார்கள். அவரும் சந்தோஷமாகவே போனார். இப்படியே ஆமாம் சொன்னவர்களும் இல்லை சொன்னவர்களும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஒரு காக்கா மட்டும் நடந்தது.

ஆமாம் என்றாலும் போச்சு, இல்லை என்றாலும் போச்சு. வானமாமலை மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் முறை வந்தது.

"இந்தக் கப்பல் கிளம்பும்னு எதிர்பார்க்கறேளா?"

"அத ஏறிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு சொர்ணம்மாள் பலகையில் ஏறிப் போய்விட்டாள்.

இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது என்று வேங்கடசுப்ரமணியன் விதிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அவர் பொருளடக்கத்தைத் தாண்டுவதற்குள் வானமாமலையும், அவர் பின்னால் நாற்பத்து மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு உள்ளே போய், வழக்கப்படி உட்கார்ந்துவிட்டார்கள்.

கப்பலில் இருந்த ஒரே மனிதர் சிராஜ் என்ற வயதான கலாசி. முன்பு கொதிகலனுக்குக் கரி தள்ளியவர், இப்போது காவல். மனித முகங்களைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு சால், மூணு வருஷம் ஆச்சு பாயி, ஒரு பாசஞ்சர் ஏறி. மிஷின் எல்லாம் பக்கா. அடுப்பு மூட்டக் கரி இல்லே. கரி காசு எல்லாம் மேலே க்ளாசுக்குப் போச்சு. மெத்தை வாங்கினான், சினிமா மிஷின் வாங்கினான்."

வானமாமலை அப்படியே ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கழித்து மனைவியைக் கப்பலில் ஏற்றியாயிற்று. ஆனால் அந்தக் கப்பல் நகராது! "சொர்ணம், மன்னிச்சிரு" என்றார்.

"இப்ப என்ன ஆயிப்போச்சு? சங்கு ஊதட்டும், பாப்போம்" என்று சொல்லி அவள் புளியோதரையைத் திறந்தாள்.

சாயங்காலம் வேங்கடசுப்ரமணியன் மேலே வந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார். "வழியனுப்ப வந்தோம்யா. சங்கு ஊதினதும் இறங்கிருவோம்" என்றாள் பூமாரி. அவர் நேர்மையானவர், விதி என்று ஒன்று இருந்தால் அதை மறைக்கத் தெரியாது. தம் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து அவரே உரக்கப் படித்தார்: "வழியனுப்ப வந்தவர்கள் மூன்றாவது சங்கு ஊதியதும் இறங்கிவிட வேண்டும்." சங்கு ஊத நீராவி வேண்டும். நீராவிக்குக் கரி வேண்டும். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "டிக்கெட் வாங்கிய பயணியைச் சேருமிடம் சேரும் முன் கப்பலிலிருந்து இறக்கக்கூடாது." புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் காலையில் துறைமுகத்திலிருந்தே பஸ் பிடித்து வேலைக்குப் போய், மாலையில் கப்பலுக்குத் திரும்பி வந்தார்கள். வானமாமலை தகரத் துண்டுகளைக் கொண்டுவந்து ஒழுகிய இடங்களை எல்லாம் அடைத்தார். கேபினுக்குக் கேபின் கோலம் விழுந்தது. "யக்கா, கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டுப் போவலாம்க்கா! பொறத்தால யாரும் டப்பாவத் தட்ட மாட்டாக!" என்று பூமாரி கேம்புக்குப் போய்ச் சொன்னாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து லேபர் கேம்பிலிருந்தும் தாராவியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வழியனுப்ப வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாலை. மாலையோடு வருகிறவரை வழியனுப்ப வந்தவரில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரத்தில் இருநூறு பேர் ஆகிவிட்டார்கள். ஒருவர் ரேஷன் கார்டில் விலாசத்தையே மாற்ற மனுக் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் சேர்மன் வந்தார். மேல்தளத்தில் காய்ந்த வேட்டி சேலைகளை விலக்கிக்கொண்டு நின்று, "நீங்களெல்லாம் எதை எதிர்பார்த்து இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"சங்கை" என்று இருநூறு பேரும் சொன்னார்கள்.

சேர்மனுக்கு ரத்தம் கொதித்தது. மூன்று வருஷமாக நாங்கள் பாடுபட்டு ஒழித்ததை இவர்கள் பன்னிரண்டே நாளில் வளர்த்துவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே வேங்கடசுப்ரமணியனை வானமாமலையிடம் தூது அனுப்பினார்கள்.

"கம்பெனி ரொம்பப் பெரிய மனசு பண்ணியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் கோவா போயிட்டு வந்தாச்சுன்னு சேர்மன் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு சர்ட்டிபிகேட். கூடவே கோவா முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம். நீங்க இறங்கினா மத்தவா தானா இறங்கிடுவா" என்றார் அவர்.

வானமாமலை மனைவியைப் பார்த்தார். அவள் கம்பியில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளாக அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாள், கட்டிப்போட்ட கப்பல் கப்பலாகாது, அதுவும் ஒரு கோலிதான் என்று. அவர் ஒருநாளும் எந்த ஆபீசரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று சொல்லிவிட்டார்.

"வேண்டாம்யா. பேப்பர்ல போயி என்னத்துக்கு? இது போவும்னு நான் அவகிட்டச் சொல்லிட்டேன்."

"எதை வச்சுச் சொன்னீர்? கரி இல்லே, ஆர்டர் இல்லே, ஒரு மண்ணும் இல்லே!"

"எதையும் வச்சுச் சொல்லல. அவளுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு, சொன்னேன்."

இறக்க வழியில்லை என்றால் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழி என்ற முடிவுக்கு வர கம்பெனிக்கு இன்னும் ஏழு நாளும் இரண்டு கமிட்டியும் தேவைப்பட்டன. பத்தொன்பதாம் நாள் காலையில் மூன்று லாரி கரி வந்தது. உயர்த்தும் வகுப்பின் மெத்தையையும் சினிமா மிஷினையும் விற்று வாங்கிய கரி. கூடவே ஒரு கேப்டனையும் நாலைந்து மாலுமிகளையும் எங்கிருந்தோ பிடித்துவந்தார்கள். சிராஜ் அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு துவா ஓதிவிட்டுத் தீ வைத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று வருஷத்துத் துருவெல்லாம் பறக்க ஜலசுந்தரி ஊதினாள்.

மூன்றாவது சங்கு ஊதியதும் இருநூறு பேரும் மரியாதையாக எழுந்தார்கள். கொண்டுவந்த மாலைகளை எல்லாம் சொர்ணம்மாள் கழுத்தில் போட்டுவிட்டு வரிசையாக இறங்கினார்கள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் சங்குக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தால் அது என்ன மரியாதை? கரையில் நின்று அவர்கள் கையாட்டினார்கள். பூமாரி அழுதாள். எதற்கு அழுதாளோ தெரியாது. கதவுள்ள கழிப்பறைக்காகவும் இருக்கலாம்.

கயிறு அவிழ்ந்தது. கப்பல் நகர்ந்தது. இரண்டு பேரையும் கோவாவில் கட்டாயம் இறக்கிவிட்டு வரும்படி உத்தரவு பெற்ற வேங்கடசுப்ரமணியனும் கப்பலில் இருந்தார். எட்டு வருஷமாகக் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிற அவர் கப்பலில் போவது அதுதான் முதல் தடவை. கரை விலகுவதைக் கண்டதும் அவர் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "போறதே! நிஜமாவே போறதே!" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்.

சொர்ணம்மாள் கம்பி ஓரம் நின்றாள். மாலைகளில் பாதி உதிர்ந்து காலடியில் கிடந்தன. பம்பாயின் பெரிய பெரிய கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின. வானமாமலை பக்கத்தில் போய் நின்றார்.

"கொழும்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அவர் தெற்கே கையைக் காட்டினார்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துவிட்டு, "பாவம், அந்த மனுசன் இன்னும் சாக்குதான் அடுக்கிக்கிட்டிருப்பாரு" என்றாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வேங்கடசுப்ரமணியன் தூணை விட்டுவிட்டுத் தள்ளாடித் தள்ளாடி வந்தார். எந்த நிலையிலும் கடமை தவறாதவர். பயணத்தின்போது நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்து, காற்றில் பறக்காமல் முழங்காலில் அழுத்திக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்கோம்மா. பிரயாணம் எப்படி இருக்கு?"

சொர்ணம்மாள் கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நான் நெனச்சபடியே இருக்கு."

அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். 'எதிர்பார்க்கவில்லை, ஆகவே ஏமாறவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'எதிர்பார்த்தது தவறு என்று உணர்ந்தேன்' என்று இன்னொன்று இருந்தது. இந்த அம்மாள் சொன்னதற்கு இடமே இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே அடியில் ஒரே ஒரு கட்டம், இதுவரை யாரும் எழுதாததால் வெள்ளையாக இருந்தது. வேறு வழி தெரியாமல் அவர் சொர்ணம்மாள் சொன்னதைச் சொல் மாறாமல் அதில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அந்தக் கட்டத்தின் தலைப்பு: புகார்.